பெண்ணுக்குச் சொத்தில் பங்கு: தெருமுனை நாடகமா, குழுக் கூட்டமா?

இந்த உரிமையை ஊருக்கு எடுத்துச் சொல்ல இரண்டு வழி. தெருமுனை நாடகம் அரை மணியில் ஊரையே கூட்டிவிடும். ஆண்களும் நின்று பார்ப்பார்கள், அதுதான் அதன் பலம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று உரக்கச் சொல்லலாம். பறைச் சத்தம் அடங்கியதும் சந்தேகம் கேட்கத்தான் ஆள் இருக்காது.

மகளிர் சுய உதவிக் குழுவில் 12 முதல் 20 பேர். மாதிரி விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம்) ஒன்றை விரித்து வரிவரியாகப் படிக்கலாம்; "சும்மா ஒரு கையெழுத்து" என்று அண்ணன் நீட்டும் தாளில் பங்கே போய்விடும் என்பது அப்போதுதான் உறைக்கும். "சீர் செய்தவனிடம் எப்படிக் கேட்பது?" என்ற தயக்கமும் இங்கேதான் வெளிவரும். இந்தப் பேச்சைக் குழுவின் கடன் தவணை வசூலுக்குப் பின் வைத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், முதலிலேயே வையுங்கள்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால், கூட்டம்தான். அண்ணன்மார் காதில் விழத்தான் நாடகம்.