எஃப்1-க்கு அப்பால்: ரைட்டர், வேர்டு இரண்டிலும் உள்ளிருக்கும் உதவி எப்படி உழைக்கிறது

லிப்ரே ஆபிஸ் ரைட்டர், மைக்ரோசாஃப்ட் வேர்டு போன்ற எழுது நிரல்களில் ஆவணம் தயாரிக்கும்போது ஏதாவது சிக்கல் வந்தால் முதலில் எல்லோரும் கூகுளுக்கோ யூடியூபுக்கோதான் போகிறோம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் வேறு பதிப்புக்கான பதில். அதில் சொல்லும் மெனு நம் திரையில் இருக்காது. நிரலுக்குள்ளேயே உதவி இருக்கிறதே என்று எஃப்1-ஐத் தட்டினால் முகப்புப் பக்கம் வந்து நிற்கும், எங்கே தொடங்குவது என்று தெரியாது. பல வருடப் புழக்கத்தில் தெளிவானது இதுதான்: உள் உதவியை முகப்பிலிருந்து தேடக் கூடாது, சிக்கல் இருக்கும் இடத்தில் நின்று கேட்க வேண்டும்.

அதற்கு முன் எஃப்1 வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல லேப்டாப்களில் அந்தப் பொத்தானை அழுத்தினால் ஒலிதான் அணையும். எஃப்என் பொத்தானோடு சேர்த்து அழுத்த வேண்டும், அல்லது எஃப்என் பூட்டை மாற்ற வேண்டும். நிறைய மாடல்களில் எஃப்என்+எஸ்கேப் அதைச் செய்யும்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் உதவிக் கோப்புகள் விண்டோஸுக்குத் தனி நிறுவியாக வருகின்றன. பதிவிறக்கப் பக்கத்தில் முதன்மை நிறுவிக்குக் கீழேயே இணைப்பு இருந்தாலும் பலர் கவனிப்பதில்லை. அது இல்லாவிட்டால் எஃப்1 இணையத்தில் உள்ள உதவிக்குத்தான் அழைத்துப் போகும். நிறுவும்போது லிப்ரே ஆபிஸ் மூடியிருக்கட்டும். பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். நிரலைப் புதுப்பித்த கையோடு உதவியையும் அதே பதிப்புக்கு மாற்றாவிட்டால் மறுபடி இணையத்துக்கே போகும். லினக்ஸ் வகையான உபுண்டுவில் மொழிவாரியாக உதவிப் பொதிகள் உண்டு. அங்கே வேறொரு தொல்லை: உதவிப் பக்கம் உலாவியில்தான் திறக்கும். ஸ்னாப் என்ற உபுண்டுவின் பொதி வடிவில் வரும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு கணினிக் கோப்புறைகளைப் படிக்க அனுமதி இல்லாததால், உதவி நிறுவப்பட்டிருந்தும் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று வரக்கூடும். ஸ்னாப் அல்லாத உலாவி ஒன்றை இயல்பாக வைத்தால் தீரும்.

ரைட்டரின் உண்மையான பலம் உரையாடல் பெட்டிகளில் இருக்கும் ஹெல்ப் பொத்தான். ஃபார்மட் மெனுவில் பாராகிராஃப் திறந்து டெக்ஸ்ட் ஃப்ளோ தாவலில் நின்று அதை அழுத்தினால், அந்தத் தாவலுக்கான பக்கமே வரும். பத்தியின் ஒற்றை வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவுவதைத் தடுக்கும் ஆர்ஃபன், விடோ கட்டுப்பாடு என்ன செய்கிறது என்று வரிவரியாக அங்கே இருக்கும். அவ்வளவு நீளம் வேண்டாமென்றால் ஷிஃப்ட்+எஃப்1. சுட்டி கேள்விக்குறியாக மாறும். எந்தப் பொத்தான் மேல் கொண்டுபோனாலும் இரண்டு மூன்று வரியில் விளக்கம். இது எப்போதும் வேண்டுமென்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ் பகுதியில் எக்ஸ்டெண்டட் டிப்ஸ் என்பதை இயக்கலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு நல்லது. பழகியவர்களுக்கு ஒரு வாரத்தில் எரிச்சல் வந்துவிடும்.

7.2 பதிப்பிலிருந்து ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தினால் கட்டளைத் தேடல் பெட்டி வரும். வாட்டர்மார்க் என்பதில் நாலு எழுத்து அடித்தால் போதும், கட்டளையோடு அது எந்த மெனுவில் இருக்கிறது என்ற பாதையும் தெரியும். இது மெனுக்களை மட்டுமே துழாவும். பெட்டிகளுக்கு உள்ளே இருக்கும் அமைப்புகள் இதில் அகப்படாது. அவற்றுக்கு உதவிப் பக்கத்தின் இடப்புற இண்டெக்ஸ்தான் கதி.

இண்டெக்ஸில் சரியான சொல் தெரிந்தால்தான் காரியம் நடக்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு அடிக்கடி வருகிற சிக்கல்: ஸ்டைலில் (எழுத்து, பத்தி அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) எழுத்தின் அளவை 14 என்று மாற்றியும் தமிழ் எழுத்து அசையாது, ஆங்கிலம் மட்டும் பெரிதாகும். ‘தமிழ் ஃபாண்ட்’ என்று தேடிப் பயனில்லை. ரைட்டர் தமிழை சிடிஎல், அதாவது காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் வகையில் வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் தேடினால் பக்கம் கிடைக்கும். ஃபாண்ட் தாவலில் மேற்கத்திய எழுத்துக்கும் சிடிஎல் எழுத்துக்கும் தனித்தனி அளவு உண்டு, இரண்டாவதைத்தான் மாற்ற வேண்டும். அந்தப் பகுதியே தெரியவில்லையென்றால் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்க வேண்டும்.

வேர்டு வேறு குணம். ஆபிஸ் 97-இல் கண்ணை உருட்டிக்கொண்டு உதவி சொல்ல வந்த காகித கிளிப் பொம்மையை ஆபிஸ் 2007-இல் எடுத்துவிட்டார்கள், யாரும் அழவில்லை. இப்போது அதன் இடத்தில் இருப்பது மேலே உள்ள தேடல் பெட்டி. ஆல்ட்+க்யூ அழுத்தினால் அங்கே போகலாம். ஃபுட்நோட் என்று ஆங்கிலத்தில் அடித்து கட்டளையைத் தேர்ந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காது, அடிக்குறிப்பையே போட்டுவிடும். ஆகவே கர்சர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு என்டர் தட்டுங்கள். சட்டென்று ஒரு காரியம் முடிய வேண்டுமென்றால் ரைட்டரை விட இது வேகம். ஏன் அப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள ரைட்டரின் பக்கங்கள்தான் மேல்.

ரைட்டர் பழக்கத்தில் வேர்டிலும் ஷிஃப்ட்+எஃப்1 அழுத்தினால் வருவது உதவி அல்ல, ரிவீல் ஃபார்மட்டிங் என்ற பலகை. கர்சர் நிற்கும் எழுத்தின் ஃபாண்ட், பத்தி இடைவெளி, செக்‌ஷன் விவரம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கீழே உள்ள டிஸ்டிங்விஷ் ஸ்டைல் சோர்ஸ் என்பதை டிக் செய்தால் எது ஸ்டைலிலிருந்து வந்தது, எது கையால் மாற்றியது என்றும் பிரித்துக் காட்டும். வேறு கோப்பிலிருந்து ஒட்டிய பத்தி மட்டும் அடங்காமல் நிற்கும்போது எந்த உதவிக் கட்டுரையையும் விட இது பயன்படும்.

வேர்டின் பெரிய குறை, இன்றைய பதிப்புகளில் உதவிக் கட்டுரைகள் இணையத்தை நம்பியே இருப்பது. இணைப்பு அறுந்தால் கட்டளைத் தேடல் ஓடும், விளக்கம் வராது. இணையம் இல்லாத கணினியில் வேலை செய்பவர்கள் அடிக்கடி தேவைப்படும் கட்டுரைகளை முன்கூட்டியே பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்வது நல்லது. ரைட்டருக்கு அந்த வேலையும் இல்லை: ஹெல்ப் மெனுவில் யூசர் கைட்ஸ் அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் முழுக் கையேடும் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கிறது.