பட்டர் ஐசிங்கா, விப்பிங் கிரீமா? மலையிறங்கும் கப் கேக்குக்கு எது தாங்கும்

தங்கச்சி மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு 24 கப் கேக் செய்து கொண்டுபோனேன். இரண்டாவது பிறந்தநாளுக்கும் 24. இரண்டு முறையும் அதே கேக், இளஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா என்று அதே மூன்று நிறம், மலையிலிருக்கும் ஹட்டனிலிருந்து கீழே வெக்கையான அவிசாவளைக்கு அதே பஸ் பயணம். மேலே வைத்த ஐசிங் மட்டும்தான் வேறு. முதல் வருசம் விப்பிங் கிரீம், அடுத்த வருசம் பட்டர் ஐசிங். இரண்டு பெட்டியையும் தங்கச்சி வீட்டு மேசையில் வைத்துத் திறந்த நேரத்தில் என்ன கண்டேன் என்பதுதான் இந்த அலசலுக்குக் காரணம். நான் இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பது போகப்போகத் தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. சடங்கு வீடு, ஆசிரியர் தினம், தீபாவளி, நத்தார் என்று எதற்கும் இப்போது கப் கேக்தான். பெரிய கேக்கை வெட்டி, யாருக்கு ரோசாப்பூ வந்தது, யாருக்கு வெறும் ஓரம் வந்தது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வதைவிட ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

அடியில் இருக்கும் கேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோதுமை மா, சீனி, பட்டர் மூன்றும் தலா 125 கிராம், முட்டை இரண்டு, கொஞ்சம் பால், வனிலா. 12 கேக் வரும். மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹட்டன் கிட்டத்தட்ட 1270 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு கூடுதலாக விரியும், கேக் அவசரப்பட்டுப் பொங்கி நடுவில் குழி விழும். கொழும்பில் எழுதிய குறிப்பில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று இருந்தால் நான் முக்கால்தான் போடுவேன், பாலில் ஒரு மேசைக்கரண்டி கூட்டுவேன். அப்படியும் குழி விழுந்தால் ஐசிங் மூடிவிடும். ஐசிங்கைக் கண்டுபிடித்ததே இதற்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, மேலே வருவோம்.

ருசியில் விப்பிங் கிரீமுக்குத்தான் கூட்டம் அதிகம். இலேசாக இருக்கும், இனிப்பும் மட்டாக இருக்கும். பட்டர் ஐசிங்கில் ஒரு பங்கு பட்டருக்கு இரண்டு பங்கு ஐசிங் சீனி, இனிக்காமல் என்ன செய்யும்? வேலையிலும் கிரீம்தான் சுலபம். பெட்டியைத் திறந்து ஊற்றி பீட்டரை ஓட விட்டால் சில நிமிசத்தில் மூன்று மடங்கு பொங்கி நிற்கும். பட்டர் ஐசிங்குக்கு அரை மணித்தியாலம் மெனக்கெட வேண்டும். காசுக்கணக்கு அந்தந்தக் கிழமை கடைவிலையைப் பொறுத்தது. பட்டர் விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் எனக்கு உண்டு.

நிறத்துக்கு வந்தால் போட்டி இறுக்கமாகிறது. கிரீம் பால் வெள்ளை. இளஞ்சிவப்பு ஒரு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகவே வரும். பட்டர் மஞ்சள், அதில் நீலம் விட்டால் பச்சை எட்டிப் பார்க்கும். பட்டரை மட்டும் தனியாக ஏழு எட்டு நிமிசம் விடாமல் அடித்தால் வெளுத்து வெண்ணிறத்துக்குக் கிட்ட வரும். மிச்சமிருக்கும் மஞ்சளை அமுக்க ஊதா நிறத்தை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு விடுவேன். ஆனால் கடும் நிறம் வேண்டும் என்றால் கதை மாறுகிறது. கிரீமில் நிறத்தை ஏற்ற ஏற்ற அது தளர்ந்துபோகும். பட்டர் ஐசிங்கிலோ நிறம் இராவோடு இராவாக ஊறி ஒரு படி கூடும். அதனால் முதல் நாள் கொஞ்சம் மங்கலாகவே நிறுத்திவிட வேண்டும். சிவப்பு எதிலும் தொல்லைதான், அள்ளிக் கொட்டினால் கசக்கும். கடையில் கிடைக்கும் தண்ணீர் மாதிரியான நிறத்தைவிட ஜெல் நிறம் இரண்டுக்குமே நல்லது, ஐசிங்கை இளக்காது.

இதுவரை பார்த்தால் கிரீம் ஒரு கை மேலே நிற்கிறது. முதல் வருசம் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அது ஒரு பங்குனி மாதம். முதல் நாள் இரவு கேக் சுட்டு, விடிய எழும்பி கிரீமை அடித்து, 24 கேக்கிலும் சுழி வைத்து முடித்தபோது எங்கள் அடுப்படியில் ஒரு சுழிகூட அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். என் கை விரைத்துப்போயிருந்தது. கிரீமுக்கு அதைவிட என்ன வேண்டும்? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கினிகத்தேனை வரை ஒன்றும் நடக்கவில்லை. கித்துல்கலையில் சால்வையைக் கழற்றினேன். யட்டியாந்தோட்டையில் யன்னலைத் திறந்தும் வேர்த்தது. பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். சுழிகளின் நுனி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பஸ் வளைந்த வளைவை எல்லாம் குறித்து வைத்த மாதிரி இருந்தது. அவிசாவளையில் இறங்கியபோது இளஞ்சிவப்பும் ஊதாவும் ஒன்றாகிக் கடுதாசிக் கப்பின் ஓரத்தால் வழிந்திருந்தன. தங்கச்சியின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, கேக் மேல சவர்க்கார நொரையா?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். பிள்ளைகள் விரலால் வழித்து நக்கிவிட்டுப் போனார்கள். படத்தில் மட்டும் அந்தக் கேக் இல்லை.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட விசயம் இதுதான். மலையில் இருப்பவர்கள் ஐசிங்கைத் தங்கள் அடுப்படிக் குளிரை வைத்துத் தேர்கிறோம். தின்னும் இடத்து வெக்கையை யோசிப்பதில்லை. 1000 மீற்றர் இறங்கினால் ஆறு, ஆறரை பாகை சூடு கூடும். ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு அதைவிடக் கூடுதலான இறக்கம், அதாவது வெயிலும் பஸ்ஸின் சூடும் சேருவதற்கு முன்பே எட்டுப் பாகைக்குக் கிட்ட. கிரீம் என்பது காற்றுக் குமிழ்களைக் கொழுப்பு பிடித்து வைத்திருக்கும் நுரை. கொழுப்பு குளிர்ந்து இறுகியிருக்கும் வரைதான் அந்தப் பிடி. மரக்கறி எண்ணெயில் செய்த கிரீம் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். பாலிலிருந்து எடுத்த கிரீம் அதுகூட இல்லை, பிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணித்தியாலம் தாண்டினால் சாப்பிடவே யோசிக்க வேண்டும்.

பட்டர் ஐசிங்கும் கொழுப்புத்தானே என்று கேட்கலாம். பட்டர் 32 பாகையில் இருந்து 35 பாகைக்குள் உருகிவிடும், அதற்கு எவ்வளவோ முன்பே தளரும். ஆனால் இரட்டிப்புச் சீனி அதற்கு முதுகெலும்பு மாதிரி நிற்கிறது. அப்புறம் இன்னொன்று, ஐசிங் சீனி சேர்ந்த பட்டர் காற்றுப் பட்டால் மேலே மெல்லிய ஆடை கட்டும். பெட்டிக்குள் ஒரு கேக் இன்னொன்றில் உரசினாலும் நிறம் ஒட்டாது. இரண்டாம் வருசம் நான் இன்னொரு பாதுகாப்பும் செய்தேன். 250 கிராமில் மூன்றில் இரண்டு பங்கு பட்டர், ஒரு பங்கு மாஜரின். மாஜரின் வெக்கையைக் கூடுதலாகத் தாங்கும். முழுக்க மாஜரினில் செய்தால் மலிவு, கல்லு மாதிரி நிற்கும், ஆனால் உப்புக் கரிப்பும் எண்ணெய் வாசமும் நாக்கில் தங்கும். மாஜரின் வாங்கும்போது பேக்கிங்குக்கு என்று விற்கும் கட்டியைப் பாருங்கள். பாணில் பூச டப்பாவில் வரும் இளகிய வகையில் தண்ணீர் அதிகம், ஐசிங் கூழாகிவிடும். 250 கிராமுக்கு 500 கிராம் ஐசிங் சீனி, இரண்டு மேசைக்கரண்டி பால், 24 கேக்குக்கு அளவான சுழி வைக்கப் போதும்.

அதே பஸ், அதே வெயில். அவிசாவளையில் திறந்தபோது 24இல் மூன்று சுழி கொஞ்சம் மழுங்கியிருந்தது. அவ்வளவுதான். மீதி 21ம் விடியக்காலையில் வைத்த மாதிரியே.

தாங்குவதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் மலைநாட்டில் கூடப் பெரிது: பிரிட்ஜ். விப்பிங் கிரீம் பெட்டி கடையிலும் வீட்டிலும் குளிரிலேயே இருக்க வேண்டும். கரண்ட் போய், கிரீம் இளகி, மறுபடி உறைந்த பெட்டி ஒன்றை டவுனில் தெரியாமல் வாங்கி வந்து, அரை மணித்தியாலம் அடித்தும் மோர் மாதிரியே கிடந்தது. காசும் போனது, நாளும் போனது. 2022 பங்குனிக் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் கிரீமை யாரும் கனவிலும் நினைத்திருக்க முடியாது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பிரிட்ஜ் இல்லாதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பட்டர் ஐசிங் பூசிய கேக்கை மூடி மேசையில் வைத்தால் எங்கள் குளிரில் ஒரு இரவு தாராளமாக இருக்கும். விசேசத்துக்கு முதல் நாளே வேலையை முடித்துவிட்டு, அன்று காலையில் சேலை கட்ட நேரம் கிடைக்கும். இது சின்ன விசயம் இல்லை.

பட்டர் ஐசிங்குக்கு மலையில் எதிரி வெக்கை இல்லை, குளிர். மார்கழி, தை மாதங்களில் எங்கள் அடுப்படியில் பட்டரை இரவு முழுக்க வெளியில் வைத்தாலும் விடியும்போது செங்கல்தான். முதல் தடவை அவசரத்தில் சட்டியைச் சுடுதண்ணிக்கு மேல் வைத்தேன். ஓரம் உருகி எண்ணெயாக ஓடியது, நடு அப்படியே கட்டி. உருகிய பட்டரில் காற்றுப் பிடிக்காது. இப்போது செய்வது இப்படி. பட்டரைத் தாயக்கட்டை அளவுக்கு வெட்டி வைப்பேன். எவர்சில்வர் சட்டியைச் சுடுதண்ணியால் அலசி, துடைத்து, சூடு ஆறுமுன் பட்டரைப் போட்டு, துவாயால் மூடிக் கால் மணித்தியாலம் விடுவேன். விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு வரக் கூடாது. அதுதான் பதம். ஐசிங் சீனியைச் சலிக்காமல் போடவே கூடாது, எங்கள் ஈரக்காற்றில் அது கட்டி பிடித்துத்தான் இருக்கும், ஒரு சின்னக் கட்டி போதும் ஐசிங் பையின் நுனியில் மாட்டும் நொசில் அடைத்துக்கொள்ள. பால் அறைச் சூட்டுக்கும் கொஞ்சம் மேலே இருக்கட்டும். பிரிட்ஜ் பாலை ஊற்றினால் ஐசிங் திரிந்த பால் மாதிரி பிரியும். பிரிந்துவிட்டால் கொட்டிவிட வேண்டாம். இரண்டு கரண்டி எடுத்து இலேசாக உருக்கி மீண்டும் ஊற்றி அடித்தால் கூடிவரும். ஐசிங் பையைச் சுழி வைப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பது போல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் நொசிலில் முரண்டு பிடிக்காமல் வரும். அவிசாவளையில் இதையே செய்தால் கையிலேயே உருகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் குளிரில் தின்னும்போது ஒரு குறை இருக்கிறது. நுவரெலியாவில் தை மாதத்தில் பட்டர் ஐசிங்கைக் கடித்தால் மெழுகுவர்த்தியைக் கடித்த மாதிரி, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சூடான சாயத்தண்ணி கூட இருந்தால் தப்பிக்கலாம். அதனால் வீட்டிலேயே சுட்டு, அதே வீட்டில் அதே மணித்தியாலத்தில் தின்னப் போகிறீர்கள், பெட்டியும் பஸ்ஸும் இல்லை என்றால் கிரீமையே எடுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் பிறந்தநாள் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். வெக்கை இல்லாத ஊரில் கிரீம் சாயாது, ருசியும் கூட.

மூன்றாவதாக ஒன்றையும் சிலர் கேட்கிறார்கள், சுவிஸ் மெரிங் பட்டர்கிரீம். முட்டை வெள்ளையையும் சீனியையும் ஆவியில் 71 பாகை வரை சூடாக்கி, நுரைக்க அடித்து, பிறகு பட்டர் சேர்ப்பது. இனிப்பு மட்டு, பட்டுத்துணி மாதிரி வழவழப்பு. நான் செய்தது இரண்டே தடவை. ஒன்று அருமையாக வந்தது, மற்றது பாயசம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. பஸ்ஸில் கொண்டுபோயும் பார்த்ததில்லை. முட்டை வெள்ளை மேலேயே இருப்பதால் வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர்கள் ஐசிங்கைக்கூட வழித்துத் தின்ன முடியாது.

மூன்றாவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. தங்கச்சி மகளுக்கு இப்போது பேச வந்துவிட்டது, போனில் "பெரியம்மா, கடல் நீலம்" என்கிறாள். நேற்று ஒரு கரண்டி பட்டர் ஐசிங்கில் ஊதாவும் நீலமும் விட்டுப் பார்த்தேன். இரவு பார்த்தபோது நீலம்தான். காலையில் மூடியைத் திறந்தால் பச்சை. ஊதாவை இன்னொரு ஈர்க்குச்சி கூட்டி இன்றைக்கு வேறொரு கரண்டியில் வைத்திருக்கிறேன்.