காசு கட்டுவதா, கைப்பிரதியை ஏற்றுவதா? அரசு நிதியில் எழுதிய கட்டுரையைப் பொதுவில் வைக்கும் வழிகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு பற்றி இணையத்தில் தேடினால் ஆய்வுக்கட்டுரைகள் வரிசையாக வந்து விழும். ஊர் ஊராகப் போய் போர்வெல் தண்ணீர் பிடித்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர் அந்த அட்டவணையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க நினைக்கும் ஊராட்சித் தலைவருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கம் மட்டுமே திறக்கும். மீதியைப் படிக்க டாலரில் பணம் கேட்பார்கள். தண்ணீர் நம்முடையது, ஆய்வுக்கான நிதி அரசுடையது, அதாவது நம் வரிப்பணம். படிக்க மட்டும் நமக்கு வழியில்லை.

இதைச் சரிசெய்யத்தான் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் திறந்த அணுக்கக் கொள்கையை (ஓப்பன் அக்சஸ்), அதாவது தங்கள் நிதியில் எழுதிய கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்க வழிசெய்யும் விதியை, கொண்டுவந்தன. 2012-13 நிதியாண்டு முதல் இந்தத் துறைகளின் நிதியைப் பெற்றவர்களுக்கு இது பொருந்தும். ஜர்னல் கட்டுரையை ஏற்றுக்கொண்ட இரண்டு வாரத்துக்குள் இறுதிக் கைப்பிரதியை, கட்டுரைகளைச் சேமித்துப் பொதுவில் காட்டும் ஓர் இணையக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2013-லேயே இப்படி ஒரு கொள்கை வகுத்து, கிருஷிகோஷ் என்ற களஞ்சியத்தை நடத்துகிறது. விதி இத்தனை தெளிவாக இருந்தும் நம் கல்லூரிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இதுதான்: "சார், பேப்பர் வந்துருச்சு, யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்டும் (நிதியைச் செலவு செய்ததற்கான சான்று) அனுப்பியாச்சு, இன்னும் என்ன இருக்கு?" இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்ய நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

முதல் வழி, காசு கட்டுவது. கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்பகத்தின் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் வரும்: சந்தா முறையா, திறந்த அணுக்கமா? இரண்டாவதை அழுத்தினால் கட்டணம். பெயர்பெற்ற ஜர்னல்கள் பலவற்றில் அது இரண்டாயிரம் டாலரைத் தாண்டுகிறது, நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நேச்சர் 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. இந்த வழியில் நன்மை இல்லாமல் இல்லை. அச்சான வடிவமே அன்றைக்கே எல்லோருக்கும் திறந்துவிடும், இத்தனை மாதம் கழித்துத்தான் இலவசமாகத் திறக்கலாம் என்ற காத்திருப்புக் காலப் பேச்சே வராது. ஆனால் ஒரு சிறு ப்ராஜெக்டில் இந்தத் தொகை ஒரு களப்பணியாளரின் பல மாதச் சம்பளம். சித்தேரி மலைக்கு ஜீப் வைத்துப் போக வேண்டிய பணத்தை வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முக்கியமாக, விதி அப்படிக் கட்டச் சொல்லவே இல்லை. அந்தக் கட்டத்தை அழுத்தினால்தான் அரசு ஒப்புக்கொள்ளும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் உண்டு என்பது வருத்தமான விஷயம்.

இரண்டாவது வழி, கைப்பிரதியை நாமே களஞ்சியத்தில் ஏற்றுவது. நான் பரிந்துரைப்பது இதைத்தான். கட்டணம் கிடையாது. பெரிய ஜர்னலில் வெளியிடலாம், விதியையும் நிறைவேற்றலாம். ஆனால் எந்தப் பிரதியை ஏற்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட வேர்டு கோப்புதான் வேண்டும். பதிப்பகம் தன் முத்திரையும் பக்க எண்ணும் போட்டு அழகாக்கிய பிடிஎஃப்-ஐப் பெரும்பாலான சந்தா ஜர்னல்கள் ஏற்ற விடாது. முதலில் அனுப்பிய, திருத்தம் காணாத பிரதியும் விதிக்குப் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கோப்புதான் பலரிடமும் தொலைந்துபோகிறது. ஆய்வு மாணவியின் லேப்டாப்பில் 'ரிவைஸ்டு ஃபைனல் 3' என்ற பெயரில் கிடக்கும், அவர் பட்டம் வாங்கிப் போனதும் கோப்பும் போய்விடும். ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அதைத் தனி ஃபோல்டரில் போட்டு, ஜர்னல் பெயரும் ஏற்புத் தேதியும் எழுதி வையுங்கள். தொலைந்துவிட்டால் ஜர்னலின் சமர்ப்பிப்புத் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், பல நேரம் அங்கே இருக்கும்.

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. அறிவியல் கட்டுரைகளுக்கு ஆறு மாதம், சமூக அறிவியலுக்கு ஒரு வருடம் என்பதற்கு மேல் காத்திருப்பு கூடாது என்கிறது கொள்கை. பதிப்பகங்களோ ஒரு வருடம், சிலது இரண்டு வருடம்கூடக் கேட்கின்றன. எந்த ஜர்னல் எவ்வளவு கேட்கிறது என்பதை ஷெர்பா ரோமியோ (இப்போது ஓபன் பாலிசி ஃபைண்டர்) தளத்தில் பெயரைத் தட்டினால் பார்க்கலாம். கட்டுரை அனுப்பும் முன்பே பாருங்கள், காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. காத்திருப்பு இருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் ஏற்றிவிடலாம். தலைப்பும் சுருக்கமும் தெரியும், முழுக் கட்டுரை குறித்த தேதியில் திறக்கும்.

எங்கே ஏற்றுவது? கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ களஞ்சியம் இருந்தால் அங்கே. இல்லாதவர்களுக்காகக் கொள்கையிலேயே சயின்ஸ் சென்ட்ரல் என்ற மையக் களஞ்சியம் சொல்லப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவின் செர்ன் என்ற இயற்பியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் ஜெனோடோ களஞ்சியம் இலவசம், நம்பகமானது. ஆனால் அதில் மட்டும் வைத்தால் போதுமா என்று திட்ட அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ரிசர்ச்கேட் பக்கத்தில் போட்டுவிட்டேன் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது ஒரு தனியார் சமூகவலைத்தளம்.

மூன்றாவது வழி, எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்காத ஜர்னல்கள். நம் மாவட்டம் சார்ந்த ஆய்வுக்கு இதையும் மனதார ஆதரிப்பேன். சாமை, கேழ்வரகு, சித்தேரி மலையாளிப் பழங்குடியினரின் மூலிகை அறிவு போன்றவற்றுக்கு மரபறிவு சார்ந்த இந்திய ஜர்னல்களே பொருத்தமான இடம். மத்திய அரசின் சிஎஸ்ஐஆர்-நிஸ்பர் நிறுவனத்தின் ஜர்னல்களை அதன் இணையக் களஞ்சியத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். பதவி உயர்வுக் குழு இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) கேட்கும் என்ற பயம் நியாயமானதே. அப்படியென்றால் பெரிய ஜர்னலும் இரண்டாவது வழியும் சேர்ந்து போகட்டும்.

பிரிப்ரிண்ட், அதாவது மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் போடும் பிரதி, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் வெளிவரும், நல்லது, ஆனால் ஏற்கப்பட்ட கைப்பிரதிக்கு மாற்று ஆகாது. வாட்ஸ்அப்பில் "மூன்றே நாளில் பிரசுரம்" என்று வரும் ஜர்னல்கள் பக்கமே போகாதீர்கள். 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரமான ஜர்னல்களைச் சொல்லும் தன் கேர் பட்டியலைக் கைவிட்ட பிறகு, தரம் பார்ப்பது முழுக்க நம் பொறுப்பாகிவிட்டது.

"ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, இனி எதற்கு இதெல்லாம்?" என்றும் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி மாதிரியான அரசு நிறுவனங்களுக்கு உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் அது படிப்பதற்கான சந்தா, அதுவும் அரசு நிறுவனங்களுக்கு உள்ளே மட்டும். அதே சாலையில் இருக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவருக்கும், காவேரிப்பட்டணத்து மா விவசாயிக்கும், பென்னாகரத்து ஊராட்சித் தலைவருக்கும் அந்தக் கதவு திறக்காது. உங்கள் கடமையும் அதனால் தீர்ந்துவிடாது. அந்தத் திட்டத்தில் சில ஜர்னல்களுக்கான ஆசிரியர் கட்டண உதவியும் பேசப்படுகிறது. கிடைத்தால் முதல் வழியும் கைக்கு எட்டும், சொந்தப் ப்ராஜெக்ட் பணத்தைத் தொடும் முன் அதை விசாரியுங்கள்.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் நிதியில் கூட்டு ஆய்வு செய்யும் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அங்கே காத்திருப்புக் காலமே கிடையாது. வெளியான நாளிலேயே பப்மெட் சென்ட்ரல் என்ற அமெரிக்க மருத்துவக் கட்டுரைக் களஞ்சியத்தில் திறந்திருக்க வேண்டும். யார் ஏற்றுவது என்பதைக் கூட்டாளியுடன் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஏற்றும்போது இன்னொன்றும் செய்யலாம், எந்த விதியும் கேட்காதது. கட்டுரையோடு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம், ஊர்ப் பெயர்களோடு அட்டவணை. மாதிரி எடுத்த ஊராட்சிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் அதன் இணைப்பை அனுப்பிவிடுங்கள். கட்டுரையை எழுதியவருக்கு அது ஒரு மாலை வேலை.