லியோனில் ஞாயிறும் திங்களும்: எந்த வேளைக்கு எந்தக் கடை?

பிரான்சின் லியோன் நகருக்குச் சாப்பிடவே போகிறவர்கள் வெள்ளி இரவு ரயிலேறி, சனிக்கிழமை முழுக்க வெளுத்துக்கட்டிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் முழி பிதுங்கி நிற்பது வாடிக்கை. க்யூர்னோன்ஸ்கி என்ற உணவு எழுத்தாளர் 1930களிலேயே 'உலக உணவுத் தலைநகர்' என்று பட்டம் சூட்டிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ப்ரெஸ்கீல் பக்கம் (சோன், ரோன் இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கும் மையப் பகுதி) நடந்து பாருங்கள். பேர்போன கடைகள் பலவற்றில் விளக்கே இருக்காது. திறந்திருப்பவற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, நிஜமாகவே நல்ல கடை. மற்றது, இன்றைக்கு உனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்தே திறந்து வைத்திருக்கும் கடை. வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஏன் மூடுகிறார்கள் என்று புரிந்தால் தேடுவது பாதி முடிந்த மாதிரி. 1906 மார்ச்சில் கூர்ரியேர் சுரங்க விபத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு அதே ஆண்டு ஜூலை 13 அன்று வார ஓய்வுச் சட்டம் வந்தது. ஓய்வு நாள் ஞாயிறு என்று அது சொன்னாலும், உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் அப்போதே விலக்கு கொடுத்தது. ஆட்களுக்கு முறை வைத்து லீவு கொடுத்தால் போதும், ஞாயிறு கடை திறக்கலாம். ஆக, மூடச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இடிப்பது ஆள் கணக்கு. இந்தத் தொழிலின் கூட்டு ஒப்பந்தப்படி ஊழியருக்கு வாரம் இரண்டு நாள் ஓய்வு. அடுப்படியில் கணவர், கூடத்தில் மனைவி, உதவிக்கு ஒரு பையன் என்று நடக்கும் கடையில் முறை வைக்க ஆள் ஏது? சேர்ந்தாற்போல் இரண்டு நாள் மூடிவிடுகிறார்கள்.

எந்த இரண்டு நாள் என்பதில்தான் சூட்சுமம். ஊர்க்காரர்களையும் பயணிகளையும் நம்பிய கடை ஞாயிறு, திங்கள் மூடும். ஆபீஸ் கூட்டத்தை நம்பிய கடை சனி, ஞாயிறு மூடும், திங்கள் திறந்துவிடும். ஞாயிறு மதியக் குடும்ப விருந்தை நம்பிய கடை திங்கள், செவ்வாய் மூடும். அதனால் 'ஞாயிறு திங்களில் எது திறந்திருக்கும்' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. ஞாயிறு மதியம், ஞாயிறு இரவு, திங்கள் மதியம், திங்கள் இரவு என்று நான்கு வேளைகளாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை கிடைக்கிறது.

ஞாயிறு மதியம்: சந்தையா, கிராமமா?

நான்கில் இதுதான் சுலபம். உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்.

ஒன்று, பார்தியூ ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் லே ஆல் என்ற மூடிய சந்தை. கோர்தலியே சதுக்கத்தில் இருந்த பழைய சந்தையை 1971இல் இங்கே மாற்றினார்கள். 2006இல் சமையல் மேதை போல் பொகூஸின் பெயரை வைத்தார்கள். வெளியே பார்க்க ஆபீஸ் கட்டடம் மாதிரி இருக்கும், கட்டடக் கலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உள்ளே ஞாயிறு காலை பத்தரை மணியிலிருந்து நடப்பதைத்தான் பார்க்க வேண்டும். மீன் கடைகளின் கவுண்டரில் ஊர்க்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிப்பி சாப்பிடுவார்கள். ஐஸ் மேல் ஆறோ பன்னிரண்டோ சிப்பிகள், ரை ரொட்டித் துண்டு, உப்பு வெண்ணெய், எலுமிச்சை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஊறிய வினிகர், ஒரு கிளாஸ் மாக்கோன் பக்கத்து வெள்ளை ஒயின். கத்தியை ஓட்டின் இடுக்கில் விட்டு ஒரு திருகு திருகி, தட்டில் வைத்து, அடுத்ததை எடுத்துக்கொண்டே இருப்பார் கடைக்காரர். அது முடிந்ததும் மேர் ரிஷார் கடையில் ஒரு சேன்-மார்செலன் பாலாடைக்கட்டி வாங்கிக்கொள்ளலாம். உள்ளங்கை அளவு வட்டம், பழுத்ததென்றால் கரண்டியால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

குறை என்றால் இரண்டு. நேரம் முதலாவது: மதியம் ஒரு மணிக்கெல்லாம் கடைகள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். காலையில் எழுந்து சாவகாசமாகப் போனால் துடைத்த கவுண்டரைத்தான் பார்ப்பீர்கள். இரண்டாவது விலை. ஞாயிறு என்றால் பர்ஸ் கொஞ்சம் அழும்.

இன்னொரு பக்கம், லியோன் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது: ஊரை விட்டே போய்விடுவது. வடகிழக்கே தோம்ப் பகுதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ள சமவெளி. அங்கே ஞாயிறு மதியம் என்றால் வெண்ணெய், பூண்டு, பார்ஸ்லியில் புரட்டிய தவளைக் கால். பக்கத்திலேயே ப்ரெஸ் பகுதி இருப்பதால் கிரீமில் வெந்த ப்ரெஸ் கோழி. குளத்தைப் பார்த்ததும் தவளை உள்ளூர்ச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சில் தவளையை வணிகத்துக்காகப் பிடிக்க 1980இலேயே தடை வந்துவிட்டது. தட்டில் வருவது பெரும்பாலும் இறக்குமதி. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போனது. 1987இல் நாம் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு இந்தோனேசியா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோழி அப்படியில்லை, 1957 முதல் சட்டப் பாதுகாப்புள்ள பெயர். காசு கொடுத்தால் அதற்குக் கொடுக்கலாம்.

கார் இல்லாதவர்களுக்கு பெரூஜ் இருக்கிறது. பார்தியூவிலிருந்து மெக்ஸிமியே வரை அரை மணி, முக்கால் மணி ரயில். அங்கிருந்து மேட்டில் ஏறினால் கல் பாவிய பழைய கோட்டைக் கிராமம். வெண்ணெயும் சர்க்கரையும் எலுமிச்சைத் தோல் துருவலும் போட்டுச் சுடும் மெல்லிய கலெத் அந்த ஊர் அடையாளம்.

என் ஓட்டு லே ஆலுக்கு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், கூட்டத்தில் நின்றுகொண்டே சாப்பிடப் பிடிக்காதவர்கள் கிராமத்துக்குப் போகலாம். மேசையை முன்கூட்டியே சொல்லி வைக்காமல் மட்டும் போகாதீர்கள். ப்ரஞ்ச் என்று மூன்றாவதாக ஒன்று எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. முட்டையும் பான்கேக்கும் சாப்பிட லியோன் வரை போக வேண்டுமா என்ன?

ஞாயிறு இரவு: பெரிய கூடமா, சின்ன பூஷோனா?

உண்மையான பஞ்சம் இந்த வேளையில்தான். சந்தை மூடியாயிற்று, குடும்பங்கள் வீட்டுக்குப் போயாயிற்று, பூஷோன்களில் பெரும்பாலானவை இருட்டு. பூஷோன் என்றால் லியோனுக்கே உரிய சின்னச் சாப்பாட்டுக் கடை: கட்டம் போட்ட மேசை விரிப்பு, 46 சென்டிலிட்டர் பிடிக்கும் அடி கனத்த 'போ' பாட்டிலில் ஒயின், பன்றியும் மாடும் ஒரு உறுப்பு விடாமல் சமைத்த பதார்த்தங்கள். 'தாப்லியே த சப்பேர்' என்று ஒன்று, மாட்டு இரைப்பையை வெள்ளை ஒயினில் ஊறவைத்து ரொட்டித் தூள் புரட்டிப் பொரிப்பது. நம்மூரில் போட்டி வறுவலுக்கு அலைகிறவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

ஞாயிறு இரவு இந்தச் சாப்பாடு வேண்டுமென்றால் நம்பிப் போகக்கூடியது, எய்னே தேவாலயம் பக்கம் கினமேர் தெருவில் இருக்கும் கஃபே கோந்துவார் ஆபெல். 1928இலிருந்து இருக்கும் கடை. மரப்பலகை அடித்த சின்னச் சின்ன அறைகள், கரகரக்கும் தரை. வாரம் ஏழு நாளும் அடுப்பெரிவதால் ஞாயிறு இரவு ஊரே இங்கே வந்துவிடும். கெனெல் வாங்குங்கள்: பைக் மீனை அரைத்து மாவோடும் முட்டையோடும் சேர்த்து உருட்டிச் சுட்டது, அடுப்பிலிருந்து வரும்போது உப்பிக்கொண்டு தட்டை அடைத்து நிற்கும்.

இதற்கு எதிரே நிற்பது பிராசரி, அதாவது பெரிய கூடத்தில் நடக்கும் சாப்பாட்டுக் கடை. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் முறை வைத்து லீவு கொடுப்பது பெரிய காரியமில்லை, அதனால் அவர்கள் மூடுவதே இல்லை. பெராஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிராசரி ஜோர்ஜ் 1836இல் அல்சாஸ்காரர் ஒருவர் தொடங்கியது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத மாபெரும் கூடம், சிவப்பு இருக்கைகள், சொந்தமாக வடிக்கும் பீர், மலைபோல ஷூக்ரூத் (புளித்த முட்டைக்கோஸோடு பன்றி இறைச்சி). யாருக்காவது பிறந்தநாள் என்றால் விளக்குகளை அணைத்து, இசைப்பெட்டியைச் சுழற்றி, மொத்தக் கூடமும் கைதட்டும். ஒரு ராத்திரியில் இது பலமுறை நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமைதியாகப் பேசிச் சாப்பிட நினைப்பவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

பொகூஸ் ஆரம்பித்த பிராசரிகளும் இந்த வகைதான். 1994இல் 'நோர்' என்று வடக்கைத் தொடங்கி, சூட், எஸ்த், வெஸ்த் என்று நான்கு திசைக்கும் ஒன்று வைத்தார். என் தேர்வு கிழக்கு: 1983இல் மூடப்பட்ட ப்ரோத்தோ ரயில் நிலையக் கட்டடத்துக்குள் இருக்கிறது. சமையல் பிசகாது, சேவை பிசகாது, ஆனால் மறுநாள் நினைவில் நிற்கும்படி ஒன்றும் இருக்காது என்பதே என் குறை. ஜோர்ஜில் சாப்பாடு இதைவிட ஒரு மாற்றுக் குறைவுதான். இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் ஜோர்ஜுக்குத்தான் போவேன், அந்தக் கூடத்துக்காக.

மூன்றாவது போட்டியாளரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ரோன் ஆற்றைத் தாண்டினால் கியோத்தியேர். பஸே தெருவும் சுற்றுப்புறமும் சீனர்கள், வியட்நாமியர்கள். சற்றுத் தள்ளி வட ஆப்பிரிக்கக் கடைகள். ஞாயிறு இங்கே பரபரப்பான நாள். ஒரு கிண்ணம் ஃபோ என்ற வியட்நாமிய நூடுல்ஸ் சூப்போ, ஒரு தட்டு கூஸ்கூஸோ பிராசரி விலையில் பாதிக்குள் முடியும். இரண்டு நாளாக வெண்ணெயும் கிரீமும் கல்லீரலுமாகத் தின்ற வயிறு ஞாயிறு இரவு எதைக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். சைவக்காரர்களுக்கு இது இரட்டிப்பு லாபம். பூஷோனில் அவர்கள் பாடு திண்டாட்டம்.

இனி, போகக்கூடாத இடம். பழைய லியோனில் சேன்-ஜான் தெரு, ப்ரெஸ்கீலில் மெர்சியேர் தெரு. இரண்டிலும் வரிசையாக 'பூஷோன்' பலகைகள், ஏழு நாளும், சில இடங்களில் நாள் முழுக்க. அத்தனையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சின்ன அடுப்படி, ஏழு நாளும் ஓய்வில்லாமல், ஐம்பது அயிட்டம் போட்ட மெனுவோடு ஓடுகிறதென்றால் அந்தச் சமையல் எங்கே நடக்கிறது என்று கேட்கத் தோன்றாதா? மெனுவில் அயிட்டத்தின் பக்கத்தில் கூரை போட்ட வாணலி மாதிரி ஒரு குறி இருக்கிறதா பாருங்கள். 2014இலிருந்து, பச்சைப் பொருளிலிருந்து அந்தக் கடையிலேயே சமைத்ததற்குத்தான் அதைப் போடலாம். இல்லாவிட்டால் எல்லாம் பொட்டலம் என்று அர்த்தமில்லை. நல்ல கடைகளே சோம்பலில் போடாமல் விடுவதுண்டு. ஐம்பது அயிட்டத்தில் மூன்றுக்கு மட்டும் குறி இருந்தால் அந்த மூன்றில் ஒன்றை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

திங்கள் மதியம்: எதிர்பாராத லாபம்

திங்கள் என்றாலே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. லே ஆல் அன்று மூடல். க்ருவா ரூஸ் மேட்டுச் சந்தையும் சோன் கரையின் சேன்-அந்துவான் சந்தையும் செவ்வாய் முதல் ஞாயிறு வரைதான். திங்களன்று மீன் வாங்க வேண்டாம் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் சனி, ஞாயிறு மூடும் ரகக் கடைகள் திங்கள் மதியம் புத்துணர்ச்சியோடு திறக்கின்றன. கரே தெருவிலிருக்கும் ல கரே, அசல் பூஷோன், திங்கள் முதல் வெள்ளி வரை. சமையல்காரர் ஜோசப் வியோலாவின் 'தானியேல் ஏ தெனீஸ்' கடைகளைப் பாருங்கள்: க்ருவா ரூஸிலும் சேன்-ஜானிலும் இருப்பவை ஞாயிறு, திங்கள் மூடல், ஆபீஸ்கள் நிறைந்த பக்கம் க்ரெக்கி தெருவில் இருப்பது சனி, ஞாயிறு மூடி, திங்கள் திறப்பு. ஒரே முதலாளி, ஒரே மெனு, தெருவுக்கேற்ற லீவு. 2009இல் உலகப் போட்டியில் வென்ற அவரது பாத்தே க்ரூத்தை (மாவுக் கூட்டுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது) திங்களன்று சாப்பிட எங்கே போக வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இன்னும் மேலே போகலாம். ரோயால் தெருவில் மேர் ப்ராஸியே: 1921இல் எஜெனீ ப்ராஸியே தொடங்கி, 1933இல் தன் இரண்டு கடைகளுக்கும் மும்மூன்று மிஷலென் நட்சத்திரம் வாங்கிக் காட்டிய இடம். 2008 முதல் மத்யூ வியான்னே நடத்துகிறார். அதுவும் வார இறுதியில்தான் மூடல். சனிக்கிழமை போய்க் கதவைத் தட்டி ஏமாறுகிறவர்கள், திங்கள் மதியத்துக்கு ஒரு மேசை கேட்டுப் பார்த்தால் கிடைத்திருக்கும்.

பணக் கணக்கும் திங்களுக்கே சாதகம். மதியச் சலுகைச் சாப்பாடு, 'ஃபார்முல்' என்பார்கள், பெரும்பாலும் வேலை நாட்களில் மட்டும். சாதாரணக் கடைகளில் இருபது யூரோவை ஒட்டி முதல் தட்டும் முக்கியத் தட்டும் வந்துவிடும். ஞாயிறு அந்தப் பலகையே இருக்காது. பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவே.

திங்கள் இரவு

ஞாயிறு இரவு அளவுக்குப் பஞ்சமில்லை. ல கரே போன்ற வேலைநாள் பூஷோன்கள் இரவும் உண்டு. ஆபெலும் பிராசரிகளும் எப்போதும்போல. கியோத்தியேரில்தான் கவனம் வேண்டும், ஞாயிறு உழைத்த கடைகளில் சில திங்கள் ஓய்வெடுக்கும்.

எந்த வேளையாக இருந்தாலும் மேப்பில் பச்சையாக 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். கடையின் சொந்த முன்பதிவுப் பக்கத்தில் அந்தத் தேதியை அழுத்திப் பாருங்கள். நேரங்கள் வரவில்லை என்றால் மூடல் அல்லது நிரம்பல், இரண்டில் எதுவானாலும் உங்களுக்குச் சோறில்லை. மே 1, ஆகஸ்ட் மாதம் இரண்டுக்கும் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. ஆகஸ்டில் சின்னக் கடைகள் இரண்டு, மூன்று வாரம் ஒரேயடியாகப் பூட்டிவிட்டுப் போய்விடும்; அப்போது ஜோர்ஜும் பொகூஸின் திசைகளும் கியோத்தியேரும்தான் கதி.