புதுச்சேரி ஸ்டோன்வேர் என்று சொல்லி விற்கப்படும் சாப்பாட்டுத் தட்டுகள்: வாங்குமுன் ஓர் எச்சரிக்கை

இணையத்தில் மட்டும் கடை நடத்தும் ஒரு வீட்டு அலங்காரப் பொருள் நிறுவனத்திடம், என் தங்கையின் புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாக, ஆறு பேருக்கான தட்டு, கிண்ணம், கோப்பை அடங்கிய செட் ஒன்றை ரூ. 14,800 கொடுத்து வாங்கினேன். புதுச்சேரியில் சக்கரத்தில் வனைந்த ஸ்டோன்வேர் (கல்போல் இறுகச் சுட்ட மண்பாண்டம்), உயர் வெப்பச் சூளையில் சுட்டது, மைக்ரோவேவுக்கும் டிஷ்வாஷருக்கும் ஏற்றது என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். வந்த பொருளுக்கு இவற்றில் எதுவுமே பொருந்தவில்லை. பணமும் திரும்பக் கிடைக்கவில்லை. அதே செட் வேறு பெயர்களில், வேறு விலைகளில், பண்டிகைப் பரிசாக இன்னமும் விளம்பரப்படுத்தப்படுவதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

புதுச்சேரியின் பெயரை அவர்கள் பயன்படுத்தியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குயவர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் ஊரைச் சுற்றிலும் ஆரோவில்லிலும் பட்டறைகள் அமைத்ததால்தான் புதுச்சேரி ஸ்டோன்வேருக்கு இன்றைய மதிப்பு வந்தது. களிமண்ணைச் சுமார் 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுடும்போது, அதன் துகள்கள் ஒன்றோடொன்று உருகிப் பிணைந்து, நீர் ஏறக்குறைய புகமுடியாத அளவுக்கு இறுகிவிடுகின்றன. அதற்கு நல்ல மண்ணும், எரிபொருளும், சூளையைக் கவனிக்கும் பொறுமையும் வேண்டும். விலை கூடுவதற்கும் அதுவே காரணம். குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்பாண்டத்தின் மேல் பளபளப்பான கிளேஸை (சுடும்போது உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சை) பூசி அதே விலைக்கு விற்பது, வாங்குபவரை மட்டுமன்றி அந்தக் குயவர்களையும் ஏமாற்றுவதாகும்.

பயன்படுத்தத் தொடங்கிய சில வாரங்களிலேயே தட்டுகளின் மேற்பரப்பு முழுவதும் மயிரிழை போன்ற விரிசல்கள் வலையாகப் பரவின. சாம்பாரும் புளிக்குழம்பும் அந்த விரிசல்களில் இறங்கி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புக் கோடுகளாகத் தங்கிவிட்டன. மைக்ரோவேவில் வைத்தபோது உணவு வெதுவெதுப்பாக இருக்க, தட்டு கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. தட்டின் மண் உறிஞ்சி வைத்திருக்கும் நீர் சூடாவதால் இப்படி நேர்கிறது. இத்தனைக்கும், சிறு கிண்ணங்களின் விளிம்பில் உலோகப் பூச்சாலான பொன்னிறக் கோடு இருந்தது. அத்தகைய பாத்திரம் மைக்ரோவேவுக்கு ஆகாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர் எவருக்கும் தெரிந்ததுதான்.

சந்தேகம் தீர, ஒரு தட்டை நன்றாக உலர வைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 620 கிராம். இரவு முழுவதும் நீரில் மூழ்க வைத்து, துணியால் துடைத்து மறுபடி நிறுத்தபோது 688 கிராம் காட்டியது. அதாவது, தன் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீரை அது குடித்திருக்கிறது. நன்கு சுட்ட ஸ்டோன்வேர் இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு மேல் குடிப்பது அரிது. சக்கரத்தில் வனைந்தது என்பதும் பொய்யே: விரல் தடங்களைப் போல் தெரிந்த வரிகளும், ஓரத்தில் இருந்த ஒரு சிறு நெளிவும், ஆறு கிண்ணங்களிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தன. கோப்பைகளின் பக்கவாட்டில் அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டைத் தேய்த்து மறைத்திருந்தார்கள்.

என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுவல்ல. குறைந்த வெப்பத்தில் உருகும் கிளேஸ்களில் ஈயம் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சரியாகச் சுடப்படாத அத்தகைய கிளேஸிலிருந்து, புளி, எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பொருள்கள் ஈயத்தை உணவுக்குள் இழுத்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 1984-லேயே தட்டுகளிலிருந்து கசியும் ஈயத்துக்குச் சதுர டெசிமீட்டருக்கு 0.8 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தது. என் தங்கையின் மகளுக்கு மூன்று வயது. எனவே, ஆய்வக அறிக்கை இருந்தால் அனுப்புங்கள் என்று கடைக்கு எழுதினேன். அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

மற்றவற்றுக்குப் பதில்கள் வந்தன. கைவேலைப் பொருளில் சிறு வேறுபாடுகள் இயல்பு என்றார்கள். பிறகு, பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளியை 48 மணி நேரத்துக்குள் அனுப்பவில்லை என்றார்கள். வாரங்கள் கழித்துத் தோன்றும் விரிசலைப் பெட்டி பிரிக்கும் காணொளி எப்படிக் காட்டும்? இறுதியாக, அடுத்த கொள்முதலில் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொல்லி உரையாடலை முடித்துக்கொண்டார்கள்.

இந்த நிபந்தனைகள் சட்டத்துக்கு முன் நிற்காதவை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புதல் அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். அதுவும் பலன் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளித்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். அவகாசம் இரண்டு ஆண்டுகள்.

இத்தகைய செட்டை வாங்க எண்ணுபவர்கள், வனைந்த பட்டறையின் பெயரையும், எத்தனை டிகிரியில் சுட்டார்கள் என்பதையும், ஈயச் சோதனை அறிக்கையையும் பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். உண்மையான பட்டறைக்காரர்கள் இவற்றை மகிழ்ச்சியோடு சொல்வார்கள். கையில் வந்ததும் தட்டைக் கவிழ்த்து, கிளேஸ் படாத அடிவளையத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். அது உடனே உள்ளே இறங்கினால், அதில் உணவு பரிமாறாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ரசீதையும், பெட்டியையும், விற்பனைப் பக்கத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். நான் மனு அளித்த அதே வாரத்தில், அவர்களுடைய பக்கத்திலிருந்து புதுச்சேரி என்ற பெயர் நீக்கப்பட்டுவிட்டது.