பின்சீட், ட்ரெய்லர், இழுவைக் கம்பி: மியூனிக்கில் பிள்ளைகளோடு சைக்கிள்

எங்களிடம் கார் கிடையாது. மியூனிக்கில் பெரியவளுக்கு ஒரு வயதானபோது வாங்கிய பின்சீட்டில் தொடங்கி, பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிப்போக என்னென்ன உண்டோ அநேகமாக எல்லாமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. சின்னவன் கிண்டர்கார்டனில் கடைசி வருடம். புதிதாக ஜெர்மனிக்கு வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சீட் நல்லது?" சீட்டை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். அந்தக் காலம் சட்டென்று ஓடிவிடும். பிள்ளை தானே மிதிக்க ஆரம்பித்த பிறகுதான் செலவும் யோசனையும் அதிகம்.

பின்சீட்டுக்கு 9 முதல் 22 கிலோ வரை கணக்கு. பிள்ளை துணையில்லாமல் நன்றாக உட்கார வேண்டும். கால் ஸ்போக்ஸில் சிக்காதபடி மறைப்பு இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நம் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதையும் மூடிவிடுங்கள், பின்னால் இருக்கும் விரல் நேராக அங்கேதான் போகும். ஒற்றைக்கால் ஸ்டாண்டை நம்பிப் பிள்ளையை சீட்டில் விட்டுவிட்டு நகரவே கூடாது. இரட்டைக்கால் ஸ்டாண்ட் போட்டால் ஏற்றி இறக்க வசதி, ஆனால் அப்போதும் ஒரு கை சைக்கிளில் இருக்கட்டும். குளிரில் ஒரு விஷயம்: மிதிக்கிற நமக்கு வியர்க்கும், அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு விறைக்கும். நமக்குப் போட்டதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது பிள்ளை வந்ததும் ட்ரெய்லர். ஏழு வயது வரையான பிள்ளைகள் இரண்டு பேரை ஏற்றலாம். துலே, க்ரூஸர் போன்ற கம்பெனிகளின் ட்ரெய்லருக்குப் புது விலையைக் கேட்டால் தலை சுற்றும். நாங்கள் வாங்கியது யாரோ ஓட்டிய பழசு. பழையது வாங்குவதில் தப்பில்லை. துணியைவிட, சைக்கிளோடு இணைக்கும் கொக்கியையும் அதற்குத் துணையாக ஓடும் பாதுகாப்பு வாரையும்தான் பார்க்க வேண்டும். உங்கள் பின்சக்கர அச்சு எந்த வகை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். அச்சுக்கு அச்சு திருகு மறை வேறுபடும், பொருந்தாத இணைப்பியோடு வீடு திரும்பினால் ஒரு சனிக்கிழமை போச்சு.

ஓட்டத்தில் பழக வேண்டியது அகலம். முன்னால் போகும் சைக்கிள் நுழைந்துவிடும்; பாதை வாயில் நட்டிருக்கும் கம்பத்தில் ட்ரெய்லரின் சக்கரம் இடிக்கும். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும், அதனால் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். சரளைப் பாதையில் நம் பின்சக்கரம் வாரி இறைக்கும் பொடிக்கல் நேரே பிள்ளைகள் முகத்துக்குப் போகும். வலைத்திரையை எப்போதும் மூடி வைத்தேன், மட்கார்டின் நுனியில் நீளமான ரப்பர் மடிப்பு ஒன்றும் மாட்டினேன். இத்தனைக்கும் மேலே, உள்ளே தூங்கிவிடுவார்கள். மழையில் திரையை இழுத்துவிட்டால் நனைவது நாம் மட்டும்தான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணன் தம்பி, அக்கா தம்பி சண்டைக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் இதுவரை வழி கண்டுபிடிக்கவில்லை.

இங்கே பிள்ளைகள் பெடல் இல்லாத ஓட்டுச் சைக்கிளில்தான் ஆரம்பிக்கிறார்கள். காலால் உந்தி உந்தி பேலன்ஸ் வந்துவிடுகிறது. பக்கவாட்டுக் குட்டிச் சக்கரங்கள் தேவையே படவில்லை. முட்டி தேயக் குரங்குபெடல் அடித்துப் பழகிய எனக்கு இது கொஞ்சம் பொறாமைதான். அடுத்து வாங்கும் சைக்கிளில் கியரைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். வியன்னாவின் வூம் கம்பெனி செய்யும் 14 அங்குலச் சக்கர சைக்கிள் சுமார் 5 கிலோதான். 16 கிலோ பிள்ளைக்கு 9 கிலோ சைக்கிள் வாங்கித் தருவது அநியாயம்.

ஓட்டத் தெரியும், ஆனால் தூரம் தாங்காது. அந்த வயதுக்கு நாங்கள் வாங்கியதிலேயே உருப்படியானது ஃபாலோமி என்ற இழுவைக் கம்பி. நம் பின் அச்சில் மாட்டி, பிள்ளையின் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நெரிசலான சாலையில் இணைத்துவிடலாம். பூங்கா வந்ததும் கழற்றிவிட்டால் அவனே ஓட்டுவான். கனம் அதிகம் என்பதும், பின்னால் அவன் ஆடினால் நம் இடுப்பு வரை அது தெரியும் என்பதும் குறைகள். ட்ரெய்லரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

சட்டம் இங்கே கொஞ்சம் வேடிக்கை. எட்டு வயது வரை பிள்ளை நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும். சாலையிலிருந்து தனியாகப் பிரித்த சைக்கிள் பாதையிலும் போகலாம். கூட வரும் பெரியவரும் நடைபாதையில் ஓட்டலாம், ஆனால் சாலையைக் கடக்கும்போது இருவரும் இறங்கித் தள்ள வேண்டும். எட்டு முடிந்த பிறகும் பத்து வயது வரை பிள்ளைக்கு நடைபாதை உண்டு. நமக்குக் கிடையாது! அவள் நடைபாதையில், நான் சாலையில், நடுவில் வரிசையாகக் கார்கள். குறுக்குத் தெருவில் திரும்பும் கார்க்காரருக்கு அவள் கடைசி நொடியில்தான் தெரிவாள். அதனால் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். ஹெல்மெட் கட்டாயமில்லை, எங்கள் வீட்டில் கட்டாயம்.

பழக்குவதற்கு ஈசார் ஆற்றங்கரையைவிட நல்ல இடம் தெரியாது. தால்கிர்ஹன் பகுதியில் தொடங்கித் தெற்கே போனால் கார் தொல்லை கிடையாது, நடுவில் கல் எறிய ஆற்றுத்திட்டுகள். ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம், ஃப்ளாவ்ஹர் என்ற கரைப்பகுதியில் மனிதத் தலையாகத்தான் இருக்கும். கரையோரக் காட்டுக்குள் பிரியும் ஒற்றையடித் தடங்கள் மலைச் சைக்கிள்காரர்களுடையவை. வேரும் வளைவுமாக இருக்கும், ட்ரெய்லர் உள்ளே போகாது. பெரியவளுக்கு இப்போது அவைதான் பிடிக்கின்றன. ஒன்று நினைவிருக்கட்டும்: ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, க்ரூன்வால்ட் பக்கம் கரையேறுவது செங்குத்து. களைத்த பிள்ளையோடு அந்த மேட்டை நம்பாமல் வந்த வழியே திரும்புவது மேல். எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் ஏறித் திரும்புவதென்றால், வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள்.

அடுத்த வருடம் நான்காம் வகுப்பில் போலீஸ்காரர்கள் நடத்தும் சைக்கிள் தேர்வு அவளுக்கு வருகிறது. பின்சீட்டை விற்றாயிற்று. இழுவைக் கம்பியைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் காத்திருக்கின்றன. ட்ரெய்லரைக் கொடுப்பதாக இல்லை. ஆசியக் கடையில் அரிசி மூட்டை வாங்கிவர அதைவிட்டால் வேறு வண்டியில்லை.