பழைய ராணுவ ரைஃபிள் மதிப்பீடு: சேலம் கடை ஒன்றின் வேலை

ஏற்காடு எஸ்டேட் பங்களாக்களில் கிடக்கும் பழைய லீ-என்ஃபீல்டுகளை (பிரிட்டிஷ் காலத்து ராணுவ ரைஃபிள்கள்), லைசென்ஸோடு, மதிப்பீட்டுக்காக சேலம் டவுனில் உள்ள இந்தத் துப்பாக்கிக் கடைக்கு நம்பிக் கொண்டுபோகலாம். மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று விரல்விட்டுப் பார்த்த பிறகுதான் பேச்சே.

போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டின்) கைப்பிடிக்குக் கீழே உள்ள உலோக வளையத்தின் வலப்பக்கம்தான் ரைஃபிளின் ஜாதகம்: கிரீடம், மன்னரின் எழுத்து, தயாரிப்பிடம், மாடல், ஆண்டு. ‘III’ பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், அது 1916-இல் ஏற்கப்பட்ட, மேகசின் கட்-ஆஃப் (மேகசினிலிருந்து தோட்டா மேலேறாமல் தடுக்கும் தகடு) இல்லாத போர்க்கால வகை. போல்ட் எண்ணும் பாடி எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விலை சரியும்; ஹெட்ஸ்பேஸ் கேஜ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையே தோட்டாவுக்கான இடம் சரியா என்று பார்க்கும் அளவுக்கட்டை) போடாமல் சுடவே கூடாது. இதை இவர்கள் அழுத்திச் சொல்வது பாராட்டத்தக்கது.

வங்காளத்தின் இஷாப்பூர் அரசு ரைஃபிள் ஆலையில் .410 அங்குலத் துளைக்கு மாற்றியவற்றை, பேரலுக்குள் (குழலுக்குள்) டார்ச் அடித்து, சுழல்வரிகள் இல்லாததைக் கொண்டு சரியாகப் பிரிக்கிறார்கள். மாற்றப்படாத .303 தடைசெய்யப்பட்ட துளை அளவு (bore). சாதாரண லைசென்ஸ்காரர் வாங்க முடியாது என்பதால், வெளிநாட்டு ஏல விலையை இங்கே பேசிப் பயனில்லை. .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளுக்குத்தான் ஆள் உண்டு.

குறை ஒன்று: கேட்டால்தான் மதிப்பீட்டை எழுத்தில் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் துருவைச் சாணைபிடிக்கவோ கட்டைக்கு வார்னிஷ் அடிக்கவோ வேண்டாம். குறிகள் அழிந்தால் மதிப்பும் போச்சு.